பதின்வயதினருக்கான பாதுகாப்பு வழிகாட்டி: தெருவிலும் ஃபோனிலும் எதை முதலில் செய்வது

பதின்வயதினரோடு உட்கார்ந்து பாதுகாப்பைப் பற்றிப் பேசினால், ஆபத்து என்னவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரியாதவருக்குப் படம் அனுப்பாதே, ஓடிபி சொல்லாதே, இருட்டில் தனியாகப் போகாதே என்று எல்லாவற்றையும் அவர்களே ஒப்பித்துவிடுவார்கள். தடுமாறுவது அடுத்த கேள்வியில்தான். ஏதோ நடந்துவிட்டது, இப்போது முதல் வேலை என்ன?

அந்த இடத்தில் பெரும்பாலோர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பயத்தில் சாட் முழுவதையும் அழித்துவிட்டு, அப்புறம் புகார் கொடுக்க ஆதாரம் தேடுகிறார்கள். பின்னால் ஒருவன் வருகிறான் என்று நேராக வீட்டுக்கு ஓடி, வீடு எது என்று அவனுக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

அதனால் இதை வரிசையாகவே செய்யுங்கள். முதல் ஐந்து படிகள் ஒன்றும் நடக்காத ஒரு நாளில் செய்து வைக்க வேண்டியவை. தேவைப்படுவது சார்ஜ் உள்ள ஃபோன், உங்கள் மெயிலின் பாஸ்வேர்டு, ஒரு தாள், பேனா, நீங்கள் நம்பும் ஒரு பெரியவர். ஒரு மாலை நேரம் போதும்.

1. முதலில் ஆள், அப்புறம் ஃபோன்

எல்லோரும் செட்டிங்ஸில்தான் தொடங்குகிறார்கள். வேண்டாம். முதலில் இரண்டு பெரியவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் வீட்டுக்குள்ளே, ஒருவர் வீட்டுக்கு வெளியே. அத்தை, சித்தப்பா, ஆசிரியர், பயிற்சியாளர், யாராகவும் இருக்கலாம்.

ஏன் இரண்டு பேர் என்றால், ஒருவர் ஃபோனை எடுக்காமல் போகலாம். இன்னொரு காரணம் சொல்லக் கொஞ்சம் கஷ்டமானது. பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாதவர்கள் இல்லை, குடும்பத்துக்குப் பழக்கமானவர்கள். பிரச்சினை வீட்டுக்குள்ளிருந்தே வந்தால், வீட்டுக்கு வெளியே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

அவர்களிடம் ஒரு வாக்குறுதி கேட்டு வாங்குங்கள்: “எங்கே இருந்தாலும், என்ன செய்திருந்தாலும், முதலில் உன்னைப் பத்திரமாகக் கூட்டிவருவேன். கேள்வி மறுநாள்தான். உண்மையைச் சொன்னதற்காக ஃபோனைப் பிடுங்க மாட்டேன்.” இதை வாயால் சொல்ல வைப்பது முக்கியம். மிரட்டுகிறவனின் கையில் உள்ள பெரிய ஆயுதம் படமோ வீடியோவோ இல்லை. “வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்” என்ற உங்கள் பயம். இந்த வாக்குறுதி அந்த ஆயுதத்தைப் பாதி மழுங்கடித்துவிடும்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் தெரியாமல் ஃபோனில் உளவு ஆப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்டுபிடித்த அன்றே அவர்கள் இரண்டாவது கணக்கு தொடங்கிவிடுவார்கள், அந்தக் கணக்கில் நடப்பது உங்களுக்கு ஒருநாளும் வந்துசேராது. கண்காணிப்பு தேவை என்று நினைத்தால் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

2. இரண்டு ரகசியச் சொற்கள்

முதலாவது, அடையாளச் சொல். “உன் அம்மா அனுப்பினார், வண்டியில் ஏறு” என்று யாராவது வந்தால், அந்தச் சொல்லைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் ஏறவேண்டியதில்லை. வந்திருப்பவர் தெரிந்த முகமாக இருந்தாலும் இதே விதிதான். ஒருவரின் குரலை ஏஐ கருவிகளால் நகல் எடுக்க முடிகிற காலம் இது. “நான்தான் பேசுகிறேன், அவசரமாகப் பணம் வேண்டும்” என்று வீட்டாரின் குரலில் அழைப்பு வந்தாலும் இந்தச் சொல் உதவும். செல்லப்பெயர், பிறந்த தேதி, பதிவுகளில் எழுதியது எதுவும் வேண்டாம். சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைச் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, தப்பிக்கும் செய்தி. நண்பர்கள் கூட்டத்தில் இருக்கிறீர்கள், ஏதோ சரியில்லை, ஆனால் “நான் போகிறேன்” என்று சொல்லக் கூச்சம். வீட்டுக்கு ஒரு சாதாரணச் செய்தி அனுப்புங்கள். “நாய்க்குச் சாப்பாடு வைத்தீர்களா?” போதும். அது வந்த உடனே அவர்கள் கூப்பிட்டு, “உடனே கிளம்பி வா” என்று அதட்ட வேண்டும். பழி அவர்கள் மேல் போகும். நீங்கள் முகம் கெடாமல் வெளியே வரலாம்.

இதில் நடக்கும் வழக்கமான தவறு, பெரியவர் அந்தச் செய்தியை மறந்துவிட்டு, “எந்த நாய்?” என்று பதில் அனுப்புவது. ஒரு முறையாவது ஒத்திகை பாருங்கள்.

3. ஃபோன் கையில் இல்லாதபோது

ஃபோன் தொலைந்துபோனால் அல்லது பிடுங்கப்பட்டால் யாரை அழைப்பீர்கள்? எண் தெரியுமா? பெரும்பாலோர் சொந்த எண்ணைத் தவிர ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதல் படியில் தேர்ந்தெடுத்த இருவரின் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். தொடர்புப் பட்டியலைத் திறக்காமல், ஒவ்வொரு முறையும் இலக்கங்களைத் தட்டியே அழைத்தால் ஒரு வாரத்தில் மனதில் நின்றுவிடும்.

ஒரு சின்னத் தாளில் அந்த இரண்டு எண்களையும், நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணையும், குழந்தைகள் உதவி எண்ணையும் எழுதிப் பையில் வையுங்கள். வீட்டு முகவரி மட்டும் வேண்டாம். பை திருட்டுப் போனால் சாவியும் முகவரியும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடும்.

4. அவசர பட்டன்

ஐஃபோனில் பக்கவாட்டு பட்டனையும் ஒலி பட்டன்களில் ஒன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்புக்கான திரை வரும். பக்கவாட்டு பட்டனை வேகமாக 5 முறை அழுத்தினால் அழைப்புப் போகும்படியும் அமைத்துக்கொள்ளலாம். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் பவர் பட்டனை 5 முறை அழுத்துவதுதான் வழி. செட்டிங்ஸில் ‘பாதுகாப்பு மற்றும் அவசரநிலை’ போன்ற பகுதியில் இருக்கும். அங்கேயே அவசரத் தொடர்புகளாக அந்த இருவரையும் சேருங்கள்.

சேர்த்ததும் அந்தப் பகுதியை முழுக்கப் படியுங்கள். சில ஃபோன்களில் அழைப்புக்கு முன் எண்ணிக்கை ஓடும்போது சைரன் ஒலிக்கும். ஒளிந்திருக்கும் நேரத்தில் அது உங்களையே காட்டிக்கொடுக்கும், எனவே ஒலியை நிறுத்த வசதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். விளையாட்டுக்கு அழுத்திப் பார்க்க வேண்டாம், அழைப்பு நிஜமாகவே போய்விடும்.

வெளிநாட்டுப் பயணத்தில் எந்த எண் என்று தெரியாவிட்டால் 112 அழுத்துங்கள். ஜிஎஸ்எம் ஃபோன்கள் அதை அவசர எண்ணாகவே அறிந்துவைத்திருக்கின்றன. பல நாடுகளில் அது அந்த ஊர் அவசர சேவைக்குப் போய்ச்சேரும்.

5. கணக்குகளைப் பூட்டுவது: மெயிலில் தொடங்குங்கள்

எல்லோரும் இன்ஸ்டாகிராமில் தொடங்குவார்கள். ஆனால் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் அதை மாற்றுவதற்கான இணைப்பு பெரும்பாலும் எங்கே போகிறது? மெயிலுக்கு. மெயில் ஒருவன் கைக்குப் போனால் மற்ற எல்லாம் பின்னாலேயே போகும். எனவே முதலில் மெயிலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீளமான பாஸ்வேர்டு, அப்புறம் இரண்டு கட்டச் சரிபார்ப்பு. அது தரும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். ஃபோன் தொலைந்தால் உள்ளே நுழைய அவைதான் வழி. அவற்றை அதே ஃபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் ஒரு பயனும் இல்லை.

அடுத்து வாட்ஸ்அப். இரண்டு கட்டச் சரிபார்ப்பில் 6 இலக்கப் பின் போடுங்கள். “தவறுதலாக என் கோடு உன் எண்ணுக்கு வந்துவிட்டது, அனுப்பு” என்று நெருங்கிய நண்பரின் கணக்கிலிருந்தே செய்தி வரும். அந்தக் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கிறது, கேட்பது உங்கள் கணக்கின் சரிபார்ப்புக் கோடு. நண்பரிடம் குரலில் பேசி உறுதிசெய்யாமல் எதையும் அனுப்பாதீர்கள். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியையும் திறந்து பாருங்கள். யாரோ இரண்டு நிமிடம் உங்கள் ஃபோனை வாங்கித் தங்கள் கணினியில் இணைத்திருந்தால் அங்கே தெரியும். காதலனோ காதலியோ ‘நம்பிக்கைக்காக’ இப்படிச் செய்வதையும் பார்த்திருக்கிறேன். வெளியேற்றிவிடுங்கள்.

பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரிவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஃபோனைத் திறக்காமலே ஓடிபியைப் படித்துவிடலாம்.

பிறகு இருப்பிடம். ஆப் ஒவ்வொன்றுக்கும் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள். வரைபடம், வண்டி ஆப்களைத் தவிர மற்றவற்றுக்குத் துல்லிய இருப்பிடம் தேவையே இல்லை. ஸ்னாப்சாட் வைத்திருந்தால் வரைபடத்தில் உங்கள் இருப்பிடத்தை மறைக்கும் ‘கோஸ்ட் மோட்’ போடுங்கள். கேமராவிலும் இருப்பிடப் பதிவை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும், அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் கூடவே போகும். பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

நடைப்பயிற்சி, ஓட்டம் பதியும் ஆப்களையும் விட்டுவிடாதீர்கள். 2017-இல் ஸ்ட்ராவா என்ற அப்படிப்பட்ட ஆப் வெளியிட்ட ஓட்டப் பாதைகளின் வரைபடம் ராணுவ முகாம்களின் அமைப்பையே காட்டிக்கொடுத்தது. நீங்கள் தினமும் எந்த வாசலிலிருந்து ஓடத் தொடங்குகிறீர்கள் என்பதைக் காட்டுவது அதைவிடச் சுலபம்.

செட்டிங்ஸால் தடுக்க முடியாத ஒன்றும் உண்டு. படத்தில் தெரியும் சீருடை, பெயர்ப்பலகை, ஜன்னல் வழியே தெரியும் கட்டடம், டிக்கெட். வெளியே எடுத்த படத்தை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். படம் அதேதான், நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

6. வெளியே கிளம்பும் முன்

எங்கே போகிறீர்கள், யாரோடு, எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவருக்குச் சொல்லுங்கள். கூடவே, “ஒன்பது மணிக்குள் செய்தி வராவிட்டால் அழையுங்கள்” என்று ஒரு நேரமும் சொல்லுங்கள். நேரம் சொல்லாவிட்டால் எப்போது கவலைப்படத் தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது.

நேரலை இருப்பிடத்தைப் பகிர்வது நல்லது, ஆனால் கால அளவோடு. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. நண்பர்கள் குழுவில் போடாமல், அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். குழுவில் இருப்பவர்களின் நண்பர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆப்பில் வண்டி பிடித்தால் ஏறும் முன் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். “நீங்கள் எனக்காக வந்தவரா?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்பார்கள். “யாருக்காக வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டு, உங்கள் பெயரை அவர் சொல்லட்டும்.

7. யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால்

முதலில் உறுதிசெய்யுங்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போங்கள், வேகத்தை மாற்றுங்கள். அவரும் மாற்றினால் தற்செயல் என்று சொல்லிச் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். தப்பாக நினைத்துவிட்டோமோ, அவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம்தான் இங்கே அதிகமாகத் தாமதம் செய்கிறது.

அடுத்து, ஆட்களும் வெளிச்சமும் உள்ள இடத்துக்குப் போங்கள். வீட்டுக்கு வேண்டாம், சந்துக்குள் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். திறந்திருக்கும் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து, கல்லாவில் இருப்பவரிடம் பேசுங்கள். அவர் இடத்தைவிட்டு நகர மாட்டார், கூட ஆட்களும் இருப்பார்கள். அங்கிருந்து அந்தப் பெரியவரை அழையுங்கள். நடந்துகொண்டே அழைக்கத்தான் கை போகும், ஆனால் திரையைப் பார்க்கும்போது பின்னால் வருபவரைப் பார்க்க முடியாது.

ஓட வேண்டி வந்தால் கூட்டத்தை நோக்கி ஓடுங்கள். பையையோ ஃபோனையோ கேட்டால் அவன் பக்கம் வீசிவிட்டு எதிர்த்திசையில் ஓடுங்கள். அதற்காக யாரும் திட்டமாட்டார்கள் என்பதையும் முதல் படியிலேயே பேசி வையுங்கள். விலை உயர்ந்த ஃபோனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்தே இழுபறி செய்பவர்கள் இருக்கிறார்கள்.

உதவி கேட்கும்போது பொதுவாகக் கத்தினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நிற்பார்கள். ஒருவரைச் சுட்டுங்கள்: “அக்கா, நீலச் சட்டை போட்டிருக்கிறீர்களே, நீங்கள்தான், போலீஸுக்கு ஃபோன் செய்யுங்கள்.” யாராவது கையைப் பிடித்து இழுத்தால், “இவர் யாரென்றே எனக்குத் தெரியாது!” என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். “விடு, விடு” என்று மட்டும் கத்தினால் குடும்பச் சண்டை என்று நினைத்து ஒதுங்கிவிடுவார்கள்.

டிராக்கர் என்பது இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி. ஃபோனில் ‘தெரியாத டிராக்கர் உங்களோடு நகர்கிறது’ என்று அறிவிப்பு வந்தாலும் இதே வழிதான். ஆட்கள் உள்ள இடத்துக்குப் போய்த் தேடுங்கள். கிடைத்தால் அதன் சீரியல் எண்ணைப் படமெடுத்துவிட்டு அப்புறம் பேட்டரியைக் கழற்றுங்கள். அந்த எண்ணை வைத்து உரிமையாளரைப் போலீஸால் தேட முடியும்.

8. நெரிசலில் தொடும் கை

இடம் மாற முடிந்தால் மாறுங்கள். முடியாவிட்டால் செயலைப் பெயர் சொல்லிச் சத்தமாகச் சொல்லுங்கள்: “கையை எடுங்க!” திட்டிச் சண்டைக்குப் போனால் அவன் உங்களைப் பிரச்சினைக்காரராகக் காட்டுவான். நடந்ததை மட்டும் சொன்னால் எல்லார் கண்ணும் அந்தக் கைக்குப் போகும்.

வாயே திறக்க முடியாமல் உறைந்துபோகவும் கூடும். அது பயத்தில் உடல் தானாகச் செய்வது; சம்மதம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அப்போது முடியாவிட்டால், இறங்கிய பிறகு சொல்லுங்கள். மறுநாள் சொன்னாலும் சரிதான்.

9. ஆன்லைனில் புது நட்பு

ஆன்லைன் நண்பர்களே கூடாது என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் அடையாளங்களைச் சொல்கிறேன். கேம் சாட்டிலிருந்தோ இன்ஸ்டாகிராமிலிருந்தோ பேச்சை வேறு ஆப்புக்கு மாற்ற அவசரப்படுவது. செய்தி தானாக அழியும் வசதியைப் போடச் சொல்வது. கேட்காமலே கேம் காயின், ஸ்கின் என்று பரிசு கொடுப்பது. “இதை யாரிடமும் சொல்லாதே” என்பது. இந்தக் கடைசி ஒன்று மட்டும் வந்தாலே பெரியவரிடம் காட்டுங்கள்.

வீடியோ அழைப்பில் முகம் தெரிந்ததால் உண்மை ஆள் என்று முடிவு செய்யாதீர்கள். முன்பே பதிவுசெய்த வீடியோவை ஓட்டுவது பழைய வித்தை. “மூன்று விரலைக் காட்டிக் காதைத் தொடு” என்று திடீரென்று கேளுங்கள். மறுத்தால் புரிந்துவிடும். செய்தாலும் முழு உத்தரவாதம் இல்லை, நேரலையில் முகத்தை மாற்றும் கருவிகளும் வந்துவிட்டன.

நேரில் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பகலில், ஆட்கள் நிறைந்த இடத்தில், பெரியவர் ஒருவர் கூட வர, உங்கள் சொந்த ஏற்பாட்டில் போய்த் திரும்புங்கள். கடைசி நேரத்தில் இடத்தை மாற்றினால் திரும்பிவிடுங்கள்.

10. படத்தை வைத்து மிரட்டினால்

இங்கே வரிசைதான் எல்லாம். அழகான பெண் கணக்காக வந்து, சில மணி நேரத்தில் படம் வாங்கி, அடுத்த நிமிடம் “பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன்” என்று தொடர்புப் பட்டியலைக் காட்டுவார்கள். பணத்துக்காக நடக்கும் இந்த மோசடியில் சிக்குபவர்களில் 14 முதல் 17 வயதுப் பையன்கள் அதிகம் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது. பையன்களுக்கு இது நடக்காது என்று நினைப்பதே பலர் வெளியே சொல்லாததற்குக் காரணம். நீங்கள் படமே அனுப்பாதபோதும், முகத்தை ஒட்டிப் போலிப் படம் செய்து மிரட்டலாம். செய்ய வேண்டியது அப்போதும் இதுவே.

முதலில், பதில் சொல்வதை நிறுத்துங்கள். கெஞ்சாதீர்கள், பேரம் பேசாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால், கொடுக்கக்கூடியவர் என்று தெரிந்து மறுபடி கேட்பார்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அதோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது, பெரியவரிடம் போங்கள். சொல்ல வார்த்தை வராவிட்டால் ஃபோனை நீட்டினால் போதும். மற்ற வேலைகளுக்கு முன்னால் இதை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த மிரட்டல்காரர்கள் நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பி, யோசிக்கவே விடமாட்டார்கள். தனியாக அதைத் தாங்க முடியாமல் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்த உடனே அந்த அழுத்தம் உடையும். செத்துவிடலாம் என்று தோன்றினால், அந்த எண்ணத்தையும் அவரிடம் சொல்லுங்கள், தாளில் எழுதிவைத்த உதவி எண்ணையும் அழையுங்கள்.

மூன்றாவது, ஆதாரம். மிரட்டல் செய்திகள், பணம் கேட்ட கணக்கு எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே தெரியும் காட்சிப் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் யூசர்நேமையும் சுயவிவர இணைப்பையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தரங்கப் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ, ஆதாரத்துக்கென்று யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். 18 வயதுக்கு உட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைப் பகிர்வது பல நாடுகளில் குற்றம், அது உங்கள் படமாகவே இருந்தாலும்.

நான்காவது, அந்த ஆப்பிலேயே புகார் செய்யுங்கள். அதன் பிறகே பிளாக். முதலிலேயே பிளாக் செய்தால் சில ஆப்களில் சாட்டும் சுயவிவரமும் கைக்கு எட்டாமல் போய்விடும். உங்கள் கணக்கை அழித்துவிடாதீர்கள், ஆதாரமும் சேர்ந்து அழியும்.

ஐந்தாவது, போலீஸில் புகார். பெரியவர் கூட வரட்டும்.

ஆறாவது, படம் பரவாமல் தடுப்பது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவையை நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் தர வேண்டாம். படம் உங்கள் ஃபோனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு மட்டுமே போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியீட்டோடு பொருந்தும் படத்தைக் கண்டால் நீக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் அவற்றில் உண்டு. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு இது. அதற்குப் பிறகு எடுத்தவற்றுக்கு 2021-இல் தொடங்கிய ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இதேபோன்ற சேவை இருக்கிறது. குறியீடு கணக்கிட மூலப் படம் ஃபோனில் இருக்க வேண்டும், அவசரப்பட்டு அழிக்காதீர்கள் என்று சொல்வது இதற்கும்தான்.

“படத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்” என்று கமெண்டில் வருபவர்களை நம்பாதீர்கள். அது அடுத்த மோசடி.

11. ஒத்திகை

படித்தது மட்டும் இருந்தால், பயந்த நேரத்தில் கை வேலை செய்யாது. நண்பர் ஒருவரோடு வெட்டவெளியில் நின்று “கையை எடுங்க!” என்று முழுக்குரலில் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் சிரிப்பு வரும், குரல் பாதியிலேயே நிற்கும். சிரிப்பு அடங்கிய பிறகு வருவதுதான் உங்கள் நிஜக் குரல். அது வரும்வரை நிறுத்தாதீர்கள்.

தப்பிக்கும் செய்தியைப் பெரியவருக்கு எதிர்பாராத நேரத்தில் அனுப்பி, எவ்வளவு நேரத்தில் அழைக்கிறார் என்று பாருங்கள். மனப்பாட எண்களை வேறொருவரின் ஃபோனிலிருந்து அழைத்துப் பாருங்கள்.

ஃபோன் மாற்றினால் 4, 5 ஆம் படிகளை மறுபடி செய்யுங்கள். பழைய ஃபோனில் செய்த மாற்றங்கள் எல்லாம் புதியதிலும் வந்திருக்கும் என்று நம்பி விட்டுவிட வேண்டாம். பழைய ஃபோனை யாருக்காவது கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்த பிறகே கொடுங்கள்.